ஆறு பேர்ச்சஸ் காணியும் ஆறு மாதக் காத்திருப்பும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றார்கள் நமது முன்னோர். அவர்கள் காலத்தில் கட்டட அனுமதி என்றொரு விடயம் ஊர்களில் பெரிதாக இருக்கவில்லை. இருந்திருந்தால் அதை முதலாவதாகச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் பிறகு சொல்லியிருப்பார்கள்.

2021ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் எனது ஹாட்வெயார் கடைக்கு ஒருவர் வந்தார். புடைவைக் கடை நடத்துபவர், எனக்கு நீண்டகால வாடிக்கையாளர். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. இருக்கின்ற வீட்டின் மேல் ஒரு மாடியைக் கட்டி, கீழ் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் இளைய மகளோடு மேலே இருப்பது என்று தீர்மானம். கிழக்கில் இது வழமையான ஏற்பாடுதான். சீமெந்து, கம்பி, மணல், ஓடு எல்லாவற்றுக்கும் விலை எழுதி வாங்கினார். "அனுமதி கைக்கு வந்த அன்றே சாமான் ஏத்துவோம் காக்கா, காசு ரெடி" என்றார்.

அன்று 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஆயிரத்துச் சில நூறு ரூபா. அவருடைய கோப்பு உள்ளூராட்சி சபையொன்றில் ஆறு மாதத்துக்கும் மேலாகக் கிடந்தது. முதல் தடவை நில அளவைப் படத்தின் பிரதி தெளிவில்லை என்று திரும்பியது. இரண்டாந் தடவை குழுக் கூட்டம் தள்ளிப்போனது. பிறகு எரிபொருள் இல்லாமல் உத்தியோகத்தர் களப் பரிசோதனைக்கு வர முடியவில்லை. அனுமதி கிடைத்தபோது 2022இன் நடுப்பகுதி. சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாவைத் தொட்டிருந்தது. முந்நூறு பை என்று கணக்குப் போட்டால், நான்கு இலட்சத்துக்குள் முடிந்திருக்க வேண்டியது ஒன்பது இலட்சமாகிவிட்டது. அது சீமெந்து மட்டும். கம்பியின் கதையைச் சொல்லவே வேண்டாம். தூண்கள் எழும்பின, தட்டுப் போடக் காசு இல்லை. கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை வாடகை வீட்டுக்குப் போனார்.

ரூபாவின் பெறுமதி விழுந்தது அந்தச் சபையின் குற்றமல்ல. ஆனால் கோப்பு இரண்டு மாதத்தில் வெளிவந்திருந்தால் அந்தத் தட்டு போடப்பட்டிருக்கும். வியாபாரியாகிய நாம் சரக்குக்கு ஒரு விலை, தாமதத்துக்கு ஒரு விலை என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகியவர்கள். வீடு கட்டும்போது மட்டும் இரண்டாவது விலையை மறந்து விடுகின்றோம். நிலத்தோடு உள்ள வீடு, அதன்மேல் ஒரு மாடி, இவ்வளவுதான் நம்மவர்களில் பெரும்பாலோரின் தேவை. அதற்கான அனுமதியை இலகுபடுத்த முடியுமா, எந்த அளவுக்கு முடியும் என்பதைத்தான் இவ்வாரம் பார்க்கின்றோம்.

அனுமதி ஏன் வந்தது?

முதலில் எதிர்ப்பக்கத்தையும் கேட்க வேண்டும். இந்தச் சட்டங்கள் சும்மா நம்மை அலைக்கழிப்பதற்காக வந்தவை அல்ல. 1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. மறு வருடம், அதாவது 1915இல், வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. காற்று, வெளிச்சம், வடிகால், தெருவின் அகலம் என்பவையே அன்று ஆட்சியாளர்களின் கவலை. கட்டுவதற்கு முன் அனுமதி, கட்டி முடித்துக் குடிபோவதற்கு முன் இணக்கச் சான்றிதழ் என்ற இரட்டைப் பூட்டு அந்தச் சட்டத்திலிருந்தே வருகின்றது. பின்னர் 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அந்த அதிகார சபை 1986இல் ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. 2021 ஜூலையில் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன.

விதிகள் என்ன கேட்கின்றன என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அபிவிருத்திப் பிரதேசங்களில் ஒரு காணித் துண்டுக்குச் சாதாரணமாகக் கேட்கப்படும் ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், நமது பேச்சில் ஆறு பேர்ச்சஸ். சதுர அடியில் ஏறத்தாழ 1,630. 1986 ஒழுங்குவிதிகளின்படி வீட்டுக்கு அதில் 65 வீதத்தை மூடலாம். அப்படியானால் ஒரு தட்டுக்கு ஆயிரத்து அறுபது சதுர அடி. பின்பக்கத்தில் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, திறந்த வெளியாக விட வேண்டும். முன்பக்கம் தெருக்கோட்டைத் தாண்டக் கூடாது. எல்லையோடு ஒட்டிய சுவரில் ஜன்னல் வைக்கக் கூடாது. பிரதேசத்தின் அபிவிருத்தித் திட்டத்தைப் பொறுத்து அளவுகள் கொஞ்சம் மாறும், ஆனால் தன்மை இதுதான். இவற்றில் எதைப் பார்த்தாலும் அயலவனின் காற்றையும் வெளிச்சத்தையும் காப்பாற்றும் விதியாகவே தெரிகின்றது. தன் வீட்டுக் கூரைத் தண்ணீர் பக்கத்து வளவில் விழுவதால் இரண்டு குடும்பங்கள் பத்து வருடம் பேசாமல் இருந்ததை நம் ஊர்களில் காணாதவர் யார்?

2020 செப்டெம்பர் 20ஆம் திகதி அதிகாலை கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று அயல் வீட்டின் மேல் சரிந்தது. அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் ஒன்றரை மாதக் கைக்குழந்தையும் உயிரிழந்தார்கள். அவர்கள் கட்டியது ஒன்றும் விழவில்லை, பக்கத்தில் கட்டியதுதான் விழுந்தது. மலைநாட்டில் 2014இல் மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கவிலும் மண்சரிந்து குடியிருப்புகளையே மூடிக்கொண்டதை நாடறியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் இன்னும் நம் கண்முன் நிற்கின்றன. ஆகவே "அனுமதியே வேண்டாம், என் காணி என் இஷ்டம்" என்று பேசுபவரோடு நான் உடன்படமாட்டேன்.

எங்கே நேரம் போகின்றது?

கட்டணம் செலுத்தும் கருமபீடத்தில் அரை மணித்தியாலம்தான் போகின்றது. பிறகு கோப்பு தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழி, கிணறு, வடிகால் ஆகியவற்றைப் பார்ப்பார். களத்துக்கு வர வேண்டும், அவருக்கோ நூறு வேலை. கடைசியில் திட்டமிடல் குழு. அக்குழுவில் அதிகார சபையின் பிரதிநிதியும் உட்காருவார். குழு பெரும்பாலும் மாதம் ஒரு தடவைதான் கூடும். இங்கேதான் விடயம் இருக்கின்றது. படத்தில் ஓர் அளவு விடுபட்டிருந்தால் அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டும். இரண்டு பிழை இரண்டு தடவையாகக் கண்டுபிடிக்கப்பட்டால் இரண்டு மாதம்.

மலைப்பாங்கான மாவட்டமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். கடலோரமென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். வயல் நிரப்பிய காணியென்றால் அதற்கு வேறு கதவு. ஒவ்வொரு கதவையும் காணிக்காரனே தட்ட வேண்டும், ஒரு கதவுக்காரர் மற்றவரோடு பேசமாட்டார்.

உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினார்கள். அந்தக் காலத்தில் சில இடங்களில் கோப்புகள் வேகமாகப் போனதாகவே வியாபாரிகள் சொன்னார்கள். தவிசாளர் இல்லாமல் கோப்பு ஓடுகின்றதென்றால் தாமதத்துக்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல என்றுதானே அர்த்தம்?

பாதிக் குற்றம் நம்மிடமும் இருக்கின்றது. எனக்குத் தெரிந்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருமுறை மனம் நொந்து சொன்னார்: "படம் ஒன்று, காணி வேறொன்று, கட்டுவது இன்னொன்று." அவர் சொன்னதில் தவறில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். தொண்ணூறுகளில் என் கடைக்குப் பின்னால் ஒரு களஞ்சியசாலையை அனுமதி எடுக்காமலே கட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். பல வருடங்களுக்குப் பின் வியாபாரத்தை விரிவாக்க ஒரு வங்கிக்குப் போனபோது மதிப்பீட்டாளர் இணக்கச் சான்றிதழ் எங்கே என்றார். கடையின் முன்பகுதிக்கு மட்டும் பெறுமதி போட்டார்கள். பின்பகுதி அவர்களின் கணக்கில் வெறும் நிலம். பிறகு அபராதம்போல மேலதிகக் கட்டணம் கட்டி, ஒரு சுவரை இடித்து, பின்கால அனுமதி எடுத்தேன். அந்தச் சுவருக்குப் போட்ட கல்லும் என் கடைக் கல்தான்.

நாமே உலகுக்குக் காட்டிய வழி

இலகுபடுத்துதல் என்றவுடன் சிங்கப்பூரைப் பார், துபாயைப் பார் என்பார்கள். நாற்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டிலேயே நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ரணசிங்க பிரேமதாச பிரதமராக இருந்தபோது 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பதைவிட, மக்கள் தாமே கட்டுவதற்கு உதவுவதே அடிப்படை. கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்தவர்களிடம் போய் ஆறு பேர்ச்சஸ் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? ஆகவே அவ்விடங்கள் விசேட கருத்திட்டப் பிரதேசங்களாகக் கொள்ளப்பட்டு, சாதாரண விதிகள் தளர்த்தப்பட்டன. நவகம்புர போன்ற இடங்களில் இரண்டு பேர்ச்சஸ் துண்டில் வீடு எழும்பியது.

விதியைத் தளர்த்தினார்கள் என்பதோடு நின்றால் அதில் படிப்பினை இல்லை. அந்த இடத்தில் வேறு விதியை வைத்தார்கள். தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர்களும் குடியிருப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, சுவரைப் பொதுவாக வைப்பதா, பின்பக்கம் எவ்வளவு விடுவது, ஜன்னல் எந்தப் பக்கம், கூரைத் தண்ணீர் எங்கே விழுவது என்பவற்றைப் பேசி, தங்கள் தோட்டத்துக்கான கட்டட விதியைத் தாங்களே எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் ஒப்புக்கொண்ட விதியை மீறுவது கடினம். வர்த்தமானியில் வந்த விதியை மீறுவது அவ்வளவு கடினமில்லை என்பது நமக்கே தெரியும். ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாகப் பிரகடனப்படுத்தியதே இலங்கையின் யோசனையால்தான். வெளிநாட்டு நிபுணர்கள் இங்கு வந்து படித்துவிட்டுப் போனார்கள். நாமோ பாடப்புத்தகத்தை மூடிவிட்டோம்.

வெளியே என்ன செய்கின்றார்கள்?

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2008இல் ஒரு வழியைத் திறந்தது. சிறு வீட்டுக்கான அளவுகளை எல்லாம் எண்களாக எழுதி வைத்துவிட்டார்கள். உயரம் இவ்வளவு, எல்லையிலிருந்து தூரம் இவ்வளவு என்று. உங்கள் படம் அந்த எண்களுக்குள் நின்றால் எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. நகர சபையோ, உரிமம் பெற்ற தனியார் சான்றளிப்பவரோ இருபது நாட்களில் அனுமதி தரலாம். எண்களுக்கு வெளியே போனால் பழைய நீண்ட பாதை. 2018 ஜூலையில் இதை இரட்டை வீடுகள், இரண்டு மாடிக்கு மேற்படாத தொடர் வீடுகள் என்பவற்றுக்கும் விரித்தார்கள். எங்கள் தெருவின் தோற்றமே மாறிவிடும் என்று பல நகர சபைகள் எதிர்த்ததால் அங்கெல்லாம் 2020 ஜூலை வரை ஒத்திவைக்க வேண்டி வந்தது. 2025இல் இன்னுமொரு படி போய், அரசாங்கமே கட்டடக் கலைஞர்களைக் கொண்டு மாதிரிப் படங்களை வரைவித்து, முதல் ஆறு மாதத்துக்கு ஒரு படம் ஒரு டொலர் என்று விற்றது. அந்தப் படத்தை ஏற்ற காணியில் கட்டுவதானால் பத்து நாளில் அனுமதி.

அங்கேயும் எல்லாம் பாலும் தேனுமாக ஓடவில்லை. சான்றளிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் கட்டுபவரே. அப்படியானால் அவர் யாருக்கு விசுவாசம்? 2018 டிசம்பர் 24ஆம் திகதி சிட்னியில் ஓபல் டவர் என்ற 36 மாடிப் புதுக் கட்டடத்தில் வெடிப்பு விழுந்து குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அது மிகப் பெரிய கட்டடம், நம் பேச்சில் உள்ள சிறு வீடல்ல. ஆனாலும் தனியார் சான்றளிப்பு மீதான சந்தேகம் முழு மாநிலத்திலும் எழுந்தது. கட்டுபவரே பரிசோதகரைத் தெரிவு செய்வது, கடைக்காரனே தன் தராசுக்கு முத்திரை குத்துவதைப் போன்றது.

பக்கத்தில் தமிழ்நாடு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனை, நம் கணக்கில் ஒன்பது பேர்ச்சஸ் சொச்சம். அதில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத, நிலத்தோடு உள்ளதோ அதன்மேல் ஒரு மாடி உள்ளதோவான குடியிருப்பு வீடு. சொந்தக்காரர் இணையத்தில் ஆவணங்களைப் போட்டு, விதிப்படி கட்டுவேன் என்று தானே உறுதி கூறி, கட்டணத்தைச் செலுத்தினால் உடனே அனுமதி. முன்கூட்டிய களப் பரிசோதனை இல்லை. இந்த அளவுகளைப் பாருங்கள், நம் ஊரின் சாதாரண மாடி வீடு அப்படியே அதற்குள் அடங்குகின்றது.

நமக்கு எது பொருந்தும்?

என் அபிப்பிராயம் இது. சமதரையில், ஆறு பேர்ச்சஸுக்குக் குறையாத, ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட பிரிப்புப் படத்தில் உள்ள காணியில், இரண்டு தட்டுக்கு மேற்படாத வீடென்றால் குழுக் கூட்டம் தேவையில்லை. அளவுகள் சரியா பிழையா என்று பார்க்கும் வேலையை ஒரு தகுதியான உத்தியோகத்தர் தனியே செய்யலாம். அதற்கு நாள் குறிக்க வேண்டும். குறைகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி மட்டும் வந்தாலே பாதித் தாமதம் போய்விடும் என்பேன். அதோடு ஒவ்வொரு சபையும் ஆறேழு மாதிரிப் படங்களை வைத்திருந்து, அதைத் தெரிவு செய்பவரின் கோப்பை முன்னால் எடுக்கலாம்.

மலைச் சரிவு, சதுப்பு நிலம், கடலோரம், ஆற்றங்கரை ஆகியவற்றில் ஒரு நாளையும் குறைக்கச் சொல்லமாட்டேன். அங்கே தாமதத்தின் விலையைவிட அவசரத்தின் விலை அதிகம். சுனாமிக்குப் பிறகு 100 மீற்றர், 200 மீற்றர் என்று கோடு கீறி, பின்னர் அதைத் தளர்த்தியதில் கிழக்குக் கரையோர மக்கள் பட்ட அலைச்சல் வேறு. அது விதியை அறிவிப்பதிலும் மாற்றுவதிலும் நடந்த குளறுபடி, விதியே தேவையில்லை என்பதற்கு ஆதாரமல்ல.

அனுமதியை இலகுவாக்கினால் தண்டனையைக் கடுமையாக்க வேண்டியும் வரும். பொய்ப் படத்தில் கையொப்பமிட்ட படவரைஞர் மறுநாளும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தால் இந்த முறை ஒரு வருடமும் நிற்காது.

பெண் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு

காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற காணி நெருக்கமான ஊர்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கின்றது. வாப்பாவிடம் பன்னிரண்டு பேர்ச்சஸ், மூன்று பெண் மக்கள். நான்கு நான்காகப் பிரித்து உறுதி எழுதிவிடுகின்றார்கள். நொத்தாரிசு எழுதித் தருவார். ஆனால் உறுதி இருந்தால் அனுமதி கிடைக்கும் என்பதில்லை. நான்கு பேர்ச்சஸ் துண்டுக்கு அனுமதி கேட்டுப் போகும்போதுதான் இடி விழும்.

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கின்றது, நம்மவர்கள் குறைவாகவே பயன்படுத்துகின்றார்கள். 1973இன் 11ஆம் இலக்க மாடிமனை உரிமைச் சட்டத்தின்படி, காணியைப் பிரிக்காமல் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் தனித்தனி உறுதி எழுதலாம். மாடிமனைப் படமொன்று வரைந்து அங்கீகாரம் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். காணி இருவருக்கும் பொது, வீடு அவரவருக்குச் சொந்தம். ஆனால் அதற்குக் கட்டடம் அனுமதியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், இணக்கச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். களவாக எழுப்பிய மேல்மாடியை எந்தப் பிள்ளையின் பெயருக்கும் எழுத முடியாது. வாப்பா உயிரோடு இருக்கும்வரை எல்லாம் சுமுகம். அவருக்குப் பின் மருமக்கள் காலத்தில்தான் படிக்கட்டு யாருடையது என்ற வழக்கு வரும்.

இப்போதைக்குச் செய்யக் கூடியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. காணி வாங்கும்போதே பிரிப்புப் படத்தில் சபையின் அங்கீகார முத்திரை உள்ளதா என்று பாருங்கள். தெருக்கோட்டுச் சான்றிதழை விற்பவரின் செலவிலேயே கேளுங்கள். வீதி அகலிப்பில் முன்பக்கம் போகுமென்றால் ஆறரைப் பேர்ச்சஸ் ஐந்தரையாகிவிடும். படம் வரைய முன்னர் ஒருநாள் சபைக்குப் போய், அந்த இடத்துக்கு என்ன விதி என்று எழுத்தில் கேட்டு வாருங்கள். தரகரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தால், குறை என்னவென்றே உங்களுக்குத் தெரியாமல் இரண்டு மாதம் போகும். கோப்பு ஒப்படைக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டையும், ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலில் ஒரு கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அரச அலுவலகத்தில் அந்தக் காகிதத்துக்குள்ள மதிப்பு நம் வாய்ப்பேச்சுக்கு இல்லை.

ஊர் வர்த்தக சங்கங்கள் ஒரு காரியம் செய்யலாம். தகுதியான படவரைஞர் ஒருவரைப் பிடித்து, ஆறு பேர்ச்சஸ், எட்டுப் பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் காணிகளுக்கு விதிக்குட்பட்ட இரண்டு மூன்று மாதிரிப் படங்களை வரைவித்து, சபையின் உத்தியோகத்தர்களிடம் காட்டித் திருத்தி வைத்துக்கொண்டால், சபைக்கும் வேலை குறையும். செலவு ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு ஆகின்றதைவிடக் குறைவு.

எனது புடைவைக்கடை நண்பர் இவ்வருடம் மீண்டும் வந்தார், இம்முறை இளைய மகளுக்காக. 2022இல் கிடைத்த அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாகப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்த அனுமதிக்கு ஆயுள் ஒரு வருடம்தான், நீடிக்க வேண்டுமானால் காலாவதியாக முன்னர் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவருடைய தூண்களிலிருந்து கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றது. அந்தக் கம்பியின் பலத்தை முதலில் ஒரு பொறியியலாளருக்குக் காட்டச் சொல்லியிருக்கின்றேன். அதன் பிறகுதான் புதிய விண்ணப்பம், சீமெந்துக்கு விலை எழுதுவதும் அதன் பிறகுதான்.